குருவானவர் எதற்கு? கத்தோலிக்கக் குருத்துவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பது, வேறு சபை நண்பர்கள் வாக்குவாதத்தில் கேட்பது, வருடக்கணக்கில் கோவிலுக்குப் போய்க்கொண்டிருப்பவர்களே தயங்கித் தயங்கிக் கேட்பது என்று குருக்களைப் பற்றிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. குருவை ஏறக்குறைய கடவுளுக்குச் சமமாக வைத்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம், ஞாயிறு பூசை வைக்க நியமிக்கப்பட்ட ஓர் ஆள் என்று நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே திருச்சபையின் போதனை கிடையாது. அந்தப் போதனை என்ன என்பதை எனக்குத் தெரிந்தவரை நேராகச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் நேரடியாகக் கடவுளிடம் பேசலாமே, நடுவில் குரு எதற்கு?

பேசலாம், பேசத்தான் வேண்டும். ஜெபிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுதாலும் கடவுள் கேட்கிறார். கடவுளுக்கும் மனிதருக்கும் இணைப்பாளர் ஒருவரே, அவர் இயேசு கிறிஸ்து என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் (2:5) சொல்வதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு எழுத்துகூடக் குறைக்காமல் ஏற்றுக்கொள்கிறது. எபிரேயர் திருமுகம் முழுக்கவே கிறிஸ்துதான் ஒரே தலைமைக் குரு, அவர் ஒரே முறை செலுத்திய பலி போதும் என்றுதான் பேசுகிறது. ஆகவே குருவானவர் இரண்டாவது இணைப்பாளர் ஆக முடியாது.

அப்படியானால் அவர் எதற்கு? சில கொடைகளை நமக்கு நாமே கொடுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான். யாரும் தனக்குத் தானே திருமுழுக்குக் கொடுத்துக்கொள்ள முடியாது, "உன் பாவம் மன்னிக்கப்பட்டது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் முடியாது. இது திருத்தந்தைக்கும் பொருந்தும். 2014 மார்ச் மாதம் புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லோரும் பார்க்க ஒரு சாதாரணக் குருவின் முன் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். உலகத் திருச்சபையின் தலைவருக்கே மன்னிப்பு வேறொருவர் வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது. கிறிஸ்துவின் அருள் வெளியிலிருந்து நம்மிடம் வருகிறது, நாமே உண்டாக்கிக்கொள்வது அல்ல என்பதைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிற ஆள்தான் குரு. இந்தப் பக்கத்தில் வரும் மற்ற எல்லாப் பதில்களும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

"நீங்கள் அரச குருக்களின் கூட்டத்தினர்" என்று எல்லா விசுவாசிகளையும் பார்த்துத்தானே பேதுரு சொல்கிறார்?

ஆமாம், எல்லோரையும் பார்த்துத்தான் (1 பேதுரு 2:9). திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் கிறிஸ்துவின் குருத்துவத்தில் பங்கு பெறுகிறார். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற மகள், நேர்மையாக வேலை செய்து களைத்துப்போகிற தகப்பன், இவர்கள் தங்கள் நாளை அப்படியே கடவுளுக்குக் காணிக்கையாக்குவது உண்மையான குருத்துவச் செயல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கம் இதைப் பொதுக் குருத்துவம் என்கிறது, குருப்பட்டம் பெற்றவர்களுடையதைப் பணிக் குருத்துவம் என்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் அளவில் இல்லை, தன்மையிலேயே இருக்கிறது என்றும் அது சொல்கிறது.

இதைக் கேட்டவுடன் பலருக்கு "அப்போ குரு நம்மைவிடப் பெரியவரா?" என்று தோன்றுகிறது. இல்லை. தன்மை வேறு என்றால் தரம் உயர்ந்தது என்று அர்த்தமாகாது. பணிக் குருத்துவம் இருப்பதே பொதுக் குருத்துவத்துக்குப் பணி செய்யத்தான். விண்ணகத்தில் யாருக்கு எந்த இடம் என்பதைக் குருப்பட்டம் முடிவு செய்வதில்லை, பரிசுத்தம்தான் முடிவு செய்கிறது.

இயேசு நிஜமாகவே குருக்களை ஏற்படுத்தினாரா, அல்லது பிற்காலத்தில் வந்ததா?

இறுதி இராவுணவில் அப்பத்தையும் இரசத்தையும் எடுத்து, "இதை என் நினைவாகச் செய்யுங்கள்" என்று திருத்தூதர்களிடம் ஒப்படைத்தார். உயிர்த்த பிறகு அவர்கள்மேல் ஊதி, "எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ, அவை மன்னிக்கப்படும்" என்றார் (யோவான் 20:23). அவர்கள் தங்களுக்குப் பிறகு வந்தவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். தீத்துவைக் கிரேத்தாவில் விட்டுவந்ததே நகர்தோறும் மூப்பர்களை ஏற்படுத்தத்தான் என்று தீத்து 1:5 சொல்கிறது. நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி வேண்டட்டும் என்கிறார் யாக்கோபு (5:14).

பெயர்கள் நிலைபெறக் கொஞ்ச காலம் ஆனது உண்மைதான். புதிய ஏற்பாட்டில் "மூப்பர்", "கண்காணிப்பாளர்" இரண்டும் சில இடங்களில் ஒரே ஆட்களையே குறிக்கின்றன. ஆனால் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா இஞ்ஞாசியார் எழுதிய கடிதங்களைப் படித்தால் ஆயர் (பிஷப்), மூப்பர்கள், திருத்தொண்டர்கள் என்ற மூன்று நிலைகளும் தெளிவாக இருக்கின்றன, அதுவும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போலவே அவர் எழுதுகிறார்.

ஆயர், குரு, திருத்தொண்டர், கர்தினால், மொன்சிஞ்ஞோர்... என்ன வித்தியாசம்?

குருத்துவம் என்ற அருளடையாளத்தில் (கிறிஸ்துவின் அருளைத் தரும் திருச்சடங்கில்) மூன்று நிலைகள்தான் உண்டு: ஆயர், குரு, திருத்தொண்டர். ஆயரிடம் அதன் முழுமை இருக்கிறது, குரு அவருடைய உடன் உழைப்பாளர், திருத்தொண்டர் திருப்பலி நிறைவேற்ற மாட்டார், பாவமன்னிப்பு வழங்க மாட்டார், ஆனால் திருமுழுக்குக் கொடுக்கலாம், திருமணத்தை நடத்திவைக்கலாம், மறையுரை ஆற்றலாம். கர்தினால் என்பது பொறுப்பு, மொன்சிஞ்ஞோர் என்பது மரியாதைப் பட்டம். திருத்தந்தையும் உரோமை நகரத்தின் ஆயர்தான், ஆயர் பட்டத்துக்கு மேல் நான்காவது பட்டம் ஒன்று கிடையாது.

குருப்பட்டத் திருப்பலியில் உண்மையில் என்ன நடக்கிறது?

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முறையாவது நேரில் பாருங்கள். குருவானவர் யார் என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அந்தச் சடங்கு நன்றாகச் சொல்கிறது.

முதலில் குருவாகப்போகிறவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். தானாக முன்வந்து நிற்க முடியாது, யாராவது அழைக்க வேண்டும், அப்புறம் இவர் தகுதியானவரா என்று ஆயர் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார். மறையுரைக்குப் பிறகு அவர் ஆயர் முன் முழந்தாளிட்டுத் தன் கூப்பிய கைகளை ஆயரின் கைகளுக்குள் வைத்து, ஆயருக்கும் அவருக்குப் பின் வருகிறவர்களுக்கும் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்கிறார். பின்னால் வரப்போகும் ஆயர் எப்படிப்பட்டவரோ தெரியாது, தெரியாமலே கொடுக்கிற வாக்கு அது. பிறகு தரையில் முகம் குப்புற விழுந்து கிடக்கிறார், மக்கள் எல்லோரும் புனிதர்கள் மன்றாட்டுமாலையைப் பாடுகிறார்கள்.

அடுத்து வருவதுதான் மையம். ஆயர் இரண்டு கைகளையும் அவர் தலைமேல் வைக்கிறார், ஒரு வார்த்தையும் பேசாமல். அங்கே இருக்கிற குருக்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து அதேபோலத் தலைமேல் கை வைக்கிறார்கள், நிறையப் பேர் இருந்தால் இதற்கே வெகுநேரம் ஆகும். அதன் பிறகு ஆயர் திருநிலைப்படுத்தும் ஜெபத்தைச் சொல்கிறார். கை வைத்தல், ஜெபம், இந்த இரண்டால்தான் ஒருவர் குருவாகிறார் என்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) 1947-இல் தெளிவுபடுத்தினார். உடை அணிவிப்பது, உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலம் பூசுவது எல்லாம் நடந்துமுடிந்ததை விளக்கிக் காட்டுபவை.

கடைசியில் மக்கள் கொண்டுவந்த அப்பத்தையும் இரசத்தையும் ஆயர் அவர் கையில் கொடுத்து, செய்யப்போவது என்னவென்று உணர்ந்துகொள்ளும், கொண்டாடுவதன்படி வாழும், உம் வாழ்வைச் சிலுவைக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்ளும் என்று சொல்கிறார். ஒருவரிடம் கேட்கக்கூடியதில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

திருப்பலியில் குரு செய்வதை ஏன் மற்றவர்கள் செய்யக் கூடாது? நன்றாகப் பேசத் தெரிந்த பொதுநிலையினர் நிறையப் பேர் இருக்கிறார்களே?

பேச்சுத் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எழுந்தேற்றத்தின்போது, அதாவது அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கும்போது, குரு சொல்லும் வார்த்தைகளைக் கவனியுங்கள். "இது இயேசுவின் உடல்" என்று அவர் சொல்வதில்லை, "இது என் உடல்" என்கிறார். அந்த இடத்தில் பேசுவது கிறிஸ்து, குரு தன் குரலைக் கொடுக்கிறார். தலைவராகிய கிறிஸ்துவின் ஆள்நிலையில் நின்று குரு செயல்படுவது என்று திருச்சபை இதை விளக்குகிறது. அந்த "என்" என்பதைச் சொல்லும் உரிமையை யாரும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது, கைகள் தலைமேல் வைக்கப்பட்டுத் தரப்பட வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். குரு மெல்லிய குரலில், தனக்காக மட்டும் சொல்லிக்கொள்கிற ஜெபங்கள் திருப்பலியில் சில உண்டு, நமக்குக் காதில் விழாது. நற்செய்தி வாசிக்கும் முன் குனிந்து நின்று தன் இதயத்தையும் உதடுகளையும் தூய்மையாக்கும்படி கேட்கிறார். இரசத்தில் சில துளி தண்ணீர் சேர்க்கும்போது ஒன்று சொல்கிறார். விரல்களைக் கழுவும்போது என் குற்றத்தைக் கழுவிவிடும் என்கிறார். நற்கருணை உட்கொள்ளும் முன், இது எனக்குத் தண்டனைத் தீர்ப்பாக ஆகிவிடக் கூடாது என்று மன்றாடுகிறார். பீடத்தில் நிற்கிறவர் அவ்வளவு நேரமும் தன் தகுதியின்மையை அறிக்கையிட்டுக்கொண்டே நிற்கிறார். பீடம் அவருடைய மேடை என்று நினைக்கிறவர்கள், குருக்கள் உட்பட, இந்த ஜெபங்களை ஒரு முறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

மோசமான வாழ்க்கை வாழும் குரு வைத்த பூசை செல்லுமா?

செல்லும். இந்தச் சண்டை 4-ஆம் நூற்றாண்டிலேயே வட ஆப்பிரிக்காவில் தொடங்கிவிட்டது. உரோமை அரசின் துன்புறுத்தலில் பயந்து திருநூல்களை ஒப்படைத்துவிட்ட ஆயர்கள் கொடுத்த அருளடையாளங்கள் செல்லாது என்று தொனாத்துக் கட்சியினர் சொன்னார்கள். புனித அகுஸ்தீன் விடாப்பிடியாக மறுத்தார்: பேதுரு கொடுத்தாலும் திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்துவே, யூதாசு கொடுத்தாலும் கிறிஸ்துவே. கல் வாய்க்கால் வழியே தண்ணீர் தோட்டத்துக்குப் போகும்போது கல்லில் எதுவும் முளைப்பதில்லை, தோட்டம் மட்டும் செழிக்கிறது என்று அவர் சொன்ன உவமை இன்றைக்கும் பொருந்துகிறது.

இதில் நமக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசியுங்கள். குருவின் மனசாட்சி எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்துவிட்டுத்தான் நற்கருணை வாங்க வேண்டும் என்றால் ஒருவராலும் வாங்க முடியாது. ஆனால் இந்தப் போதனை மக்களைக் காப்பாற்றத் தரப்பட்டது, குரு ஒளிந்துகொள்ள அல்ல. பெரும் பாவத்தில் இருந்துகொண்டு பீடமேறுகிற குரு தன் ஆன்மாவுக்கே கேடு தேடிக்கொள்கிறார் என்பதும் அதே திருச்சபையின் போதனைதான். கல்லாகவே இருந்துவிடலாம் என்று எந்தக் குருவும் நினைக்கக் கூடாது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குரு வெளியே சொல்லிவிட்டால்?

சொல்லக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். வார்த்தையால் மட்டுமல்ல, சைகையால், முகபாவத்தால், வேறு எந்த விதத்தாலும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம். நேரடியாக மீறினால் அந்த நொடியே அவர் திருச்சபையின் உறவு ஒன்றிப்பிலிருந்து விலக்கப்பட்டவராகிறார், அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் திருத்தூதுப் பீடத்துக்கு, அதாவது உரோமைத் தலைமைக்கு, மட்டுமே உண்டு. நீதிமன்றம் கேட்டாலும், உயிர் போகும் என்றாலும் விதிவிலக்கு இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு விதியும் உண்டு. தெரிந்துகொண்டதை வெளியே சொல்லாவிட்டாலும், அதை வைத்து அந்த ஆளுக்குப் பாதகமாக எதுவும் செய்யக் கூடாது. பொறுப்பில் இருக்கிற குரு, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து நிர்வாக முடிவு எடுக்கக் கூடாது. நீங்களே மறுநாள் வந்து நின்றாலும், நீங்கள் எடுக்காமல் அவராக அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

"கொலைகாரன் வந்து சொன்னால்?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். குரு அவனைச் சரணடையும்படி வலியுறுத்தலாம், மனம் வருந்தாதவனுக்குப் பாவமன்னிப்பு தர மறுக்கவும் செய்யலாம், காட்டிக்கொடுக்க மட்டும் கூடாது. இது கடினமான விதிதான். இந்த ஒரு இடமாவது முழுக்கப் பாதுகாப்பானது என்று தெரிந்தால்தான் மிக மோசமானதைச் செய்தவனும் உள்ளே வந்து முழந்தாளிடுவான் என்று நான் நம்புகிறேன்.

அந்தச் சிறிய இடத்துக்குள் ஒரு குரு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குப் புனித ஜான் மரிய வியான்னி போதும். இலத்தீன் படிப்பு ஏறாமல் குருமடத்தில் திணறியவர், 1818-இல் பிரான்சில் ஆர்ஸ் என்ற சின்னஞ்சிறு கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். 1859-இல் இறக்கும்வரை அங்கேதான். கடைசி ஆண்டுகளில் பாவசங்கீர்த்தனம் செய்ய நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் மக்கள் வந்து குவிந்தார்கள், அவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல் அந்த மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார், குளிரோ வெயிலோ பார்க்காமல். இன்று அவர் பங்குக் குருக்களின் பாதுகாவலர், திருநாள் ஆகஸ்ட் 4.

நோயாளிக்குக் குருவை எப்போது கூப்பிட வேண்டும்?

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல குடும்பங்களே இதில் தாமதித்துவிடுகின்றன. "சாமியாரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார்" என்று கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுகிறார்கள். நோயில்பூசுதல் சாகிறவர்களுக்கு மட்டுமான சடங்கு இல்லை. கடுமையான நோய், பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள், முதுமையில் வரும் தளர்ச்சி, இவை போதும். நோய் மோசமானால் மறுபடியும் பெறலாம்.

நோயாளி நினைவோடு இருக்கும்போது கூப்பிட்டால்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியும், நற்கருணை வாங்க முடியும், ஜெபத்துக்கு "ஆமென்" சொல்ல முடியும். குரு நோயாளியின் தலைமேல் அமைதியாகக் கை வைக்கிறார், பிறகு நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுகிறார், அவ்வளவுதான், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் இதை ஆயரும் குருவும் மட்டுமே செய்ய முடியும், திருத்தொண்டர்கூடச் செய்ய முடியாது. இறந்தபின் கூப்பிட்டால் ஜெபம் சொல்லலாமே தவிர இந்த அருளடையாளத்தைக் கொடுக்க முடியாது.

குருவே இல்லாத இடத்தில் விசுவாசம் வாழுமா?

வாழும், ஜப்பான் அதற்குச் சாட்சி. 17-ஆம் நூற்றாண்டின் கொடூரமான துன்புறுத்தலில் அங்கே குருக்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள் அல்லது துரத்தப்பட்டார்கள். நாகசாகி பகுதிக் கிறிஸ்தவர்கள் மறைவாக, 200 ஆண்டுகளுக்கும் மேல், ஒரு குருவும் இல்லாமல் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே திருமுழுக்குக் கொடுத்து, ஜெபங்களை வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்து விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். 1865 மார்ச் 17 அன்று புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஊரா ஆலயத்துக்குச் சிலர் வந்து, பிரெஞ்சுக் குரு பெர்னார் பெத்திஜானிடம் தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றுதான் என்று சொல்லித் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள்.

பொதுநிலையினரால் எவ்வளவு முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அதே சமயம் இரண்டு நூற்றாண்டுகளாக அவர்களுக்குத் திருப்பலி இல்லை, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) இல்லை, நோயில்பூசுதல் இல்லை. குரு வந்தபோது அவர்கள் "எங்களுக்கு இனி நீங்கள் தேவையில்லை" என்று சொல்லவில்லை, தேடிக்கொண்டு வந்தார்கள்.

அவசரத்தில் திருமுழுக்கை யாரும் கொடுக்கலாம், கிறிஸ்தவரல்லாத செவிலியர்கூட. தலையில் தண்ணீர் ஊற்றி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு சொன்னால் போதும்.

உலகில் இன்று சுமார் 140 கோடி கத்தோலிக்கருக்கு ஏறத்தாழ 4 லட்சத்து 7 ஆயிரம் குருக்கள் இருக்கிறார்கள். சராசரியாக ஒருவருக்கு 3,400 பேருக்கு மேல். அடுத்த முறை உங்கள் பங்குத்தந்தை அவசரமாகப் பேசிவிட்டுப் போனால் இந்தக் கணக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குருக்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்வதில்லை? பேதுருவுக்கு மாமியார் இருந்தாரே?

இருந்தார், மாற்கு 1:30-இல் காய்ச்சலாகப் படுத்திருக்கிறார். ஆரம்ப நூற்றாண்டுகளில் திருமணமான குருக்களும் ஆயர்களும் இருந்தார்கள். மணத்துறவு, அதாவது மணமாகாமல் வாழ்வது, விசுவாசக் கோட்பாடு கிடையாது, திருச்சபையின் ஒழுங்கு. ஆனால் யாரோ ஒரு திருத்தந்தை திடீரென்று கொண்டுவந்ததும் இல்லை. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்பானியாவில் நடந்த எல்வீரா சங்கத்திலேயே குருக்களின் இல்லறக் கட்டுப்பாடு பற்றிய விதி இருக்கிறது. 1139-இல் இரண்டாம் இலாத்தரன் சங்கம், குருப்பட்டம் பெற்றவர் செய்யும் திருமணம் செல்லாது என்று உறுதியாக்கியது.

கீழைத் திருச்சபைகளில் கதை வேறு. உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை, மாரோனியத் திருச்சபை போன்றவை திருத்தந்தையோடு முழு ஒன்றிப்பில் இருக்கின்றன, அங்கே திருமணமான ஆண்கள் குருவாகலாம். பட்டம் பெற்றபிறகு திருமணம் செய்ய முடியாது, ஆயராக முடியாது, அவ்வளவே வரம்பு. ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வந்த திருமணமான போதகர்கள் சிலர் இலத்தீன் (உரோமை வழிபாட்டு முறை) திருச்சபையிலும் குருக்களாக இருக்கிறார்கள்.

அப்படியானால் ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? இயேசுவே மணமாகாமல் வாழ்ந்தார், விண்ணரசுக்காக அப்படி இருப்பவர்களைப் பற்றிப் பேசினார் (மத்தேயு 19:12). தன்னை முழுதாக ஒரு மக்கள் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்ட ஒருவர், எங்கே அனுப்பினாலும் போகத் தயாராக இருக்கிறவர், அவருடைய வாழ்க்கையே மறுவுலகம் ஒன்று உண்டு என்று சொல்கிறது. 1873-இல் தொழுநோயாளர்களைத் தனிமைப்படுத்திவைத்த மொலோக்காய் தீவுக்குப் போன அருள்தந்தை தமியான் அங்கேயே தொழுநோய் பிடித்து 1889-இல் இறந்தார். 1941-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பட்டினிச் சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் மனைவி மக்களை நினைத்துக் கதறியபோது, அவருக்குப் பதில் நான் போகிறேன் என்று வரிசையிலிருந்து வெளியே வந்த மாக்ஸிமிலியன் கோல்பே, தான் ஒரு கத்தோலிக்கக் குரு என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார். திருமணமானவர்களும் இப்படிச் செய்யலாம், செய்திருக்கிறார்கள். ஆனால் மணத்துறவு எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது இந்த இருவரிடமும் தெரிகிறது. மனசில்லாமல், வேறு வழியில்லாமல் சுமக்கிறவருக்கு அது வெறும் தனிமையாகிவிடும் என்பதும் உண்மை, அதனால்தான் குருமடத்தில் இத்தனை வருடம் சோதித்துப் பார்க்கிறார்கள்.

பெண்கள் ஏன் குருவாக முடியாது?

கிறிஸ்து பன்னிருவராக ஆண்களையே தேர்ந்துகொண்டார், அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்பது திருச்சபையின் நிலைப்பாடு. இரண்டாம் ஜான் பால் 1994 மே 22 அன்று வெளியிட்ட திருத்தூது மடலில் இதை எல்லா விசுவாசிகளும் உறுதியாக ஏற்க வேண்டும் என்று அறிவித்தார். பெண்களுக்குத் திறமையோ புனிதமோ குறைவு என்பது இதன் காரணம் இல்லை, அப்படிச் சொல்கிறவர் திருச்சபையின் போதனையைச் சொல்லவில்லை. அன்னை மரியாவைவிடப் புனிதமானவர் படைப்புகளில் யாரும் இல்லை, அவர் குருவாக இருக்கவில்லை.

இது பலருக்கு வலிக்கிற பதில் என்று தெரியும். பெண்களுக்குத் திருத்தொண்டர் பட்டம் பற்றி ஆராய பிரான்சிஸ் 2016-இலும் 2020-இலும் குழுக்கள் அமைத்தார். அது வேறு கேள்வி, குருத்துவத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிர்வாகம், இறையியல் கற்பித்தல், ஆலோசனை என்று குருப்பட்டம் தேவையே இல்லாத இடங்களிலும் பெண்களை விலக்கி வைத்திருந்தால் அதற்கு இந்த மடலைக் காரணம் காட்ட முடியாது.

எத்தனை வருடம் படிக்கிறார்கள்?

மெய்யியல், இறையியல் இரண்டும் சேர்த்துக் குறைந்தது ஆறு முழு ஆண்டுகள், அதோடு தயாரிப்புக் காலமும் களப்பணியும் சேர்ந்தால் இன்னும் கூடும். துறவற சபைகளில் இதைவிட நீளம். குருவாக 25 வயது நிறைந்திருக்க வேண்டும். குருமடம் என்ற அமைப்பே 1563-இல் திரிதெந்தின் சங்கம் கட்டாயமாக்கியதால் பரவியது, அதற்கு முன் பயிற்சி இடத்துக்கு இடம் வேறுபட்டது, பல இடங்களில் மிக மோசமாகவும் இருந்தது.

மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுப்பதில்லை, மணத்துறவும் கீழ்ப்படிதலும் வாக்களிக்கிறார்கள். இயேசு சபை, பிரான்சிஸ்கன், சலேசியர் போன்ற சபைக் குருக்கள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் மூன்றையும் வார்த்தைப்பாடாகத் தருகிறார்கள்.

பூசைக் கருத்துக்குப் பணம் வாங்குவது அருளை விற்பது ஆகாதா?

விற்றால் ஆகும், அது பெரும் பாவம். பூசைக் கருத்து என்பது ஒரு குறிப்பிட்ட வேண்டுதலுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்பது, அதற்குத் தரும் காணிக்கை என்பது குருவின் வாழ்வுக்கும் திருச்சபையின் பணிக்கும் மக்கள் தரும் பங்கு. வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது, காணிக்கை தர முடியாத ஏழைகளின் கருத்துக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி குருக்களை வேண்டுகிறது சட்டம். ஒரே நாளில் இரண்டு மூன்று திருப்பலி வைத்தாலும் ஒன்றின் காணிக்கையைத்தான் தனக்கு வைத்துக்கொள்ளலாம், கிறிஸ்துமஸ் மட்டும் விதிவிலக்கு.

இன்னொன்று, ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் (கட்டாயம் பூசை காண வேண்டிய திருநாள்களிலும்) பங்குத்தந்தை ஒரு திருப்பலியைத் தன் பங்கு மக்களுக்காகவே, எந்தக் காணிக்கையும் இல்லாமல் ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார். நீங்கள் கேட்காவிட்டாலும், கோவில் பக்கமே வராவிட்டாலும், அந்தத் திருப்பலியில் நீங்களும் இருக்கிறீர்கள்.

குருத்துவத்தை விட்டுப் போனவர் இனிக் குரு இல்லையா?

பணி செய்யும் உரிமை போய்விடும், பட்டம் போகாது. திருமுழுக்கைப்போலக் குருத்துவமும் அழியாத முத்திரை. அதனால்தான் அப்படி விலகியவர்கூட, சாகும் தறுவாயில் இருக்கிற ஒருவர் கேட்டால் பாவமன்னிப்பு வழங்க முடியும், அது செல்லும். விலகியவர்களை அவமானப்படுத்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது ஒழிய வேண்டும்.

சிறார்களைச் சீரழித்த குருக்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுக் குருத்துவத்தின் மேன்மையைப் பேசுவது பொய். குருவின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையையே கருவியாக்கிக் குழந்தைகளைச் சீரழித்திருக்கிறார்கள், பல இடங்களில் மேலிடம் அதை மறைத்து அவர்களை இடம் மாற்றி அனுப்பியிருக்கிறது. பல நாடுகளில் விசாரணைகள் இதை வெளிக்கொண்டுவந்தன. அது பாவம், குற்றம் இரண்டும்.

2019 மே மாதம் பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம், இப்படிப்பட்ட குற்றமோ அதை மூடிமறைத்ததோ தெரிந்தால் குருக்களும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரியிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது, ஆயர்களும் அதற்குள் வருகிறார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இந்த வழக்குகளுக்கு இருந்த திருத்தந்தைசார் இரகசியக் காப்பும் நீக்கப்பட்டது. புகார் கொடுத்தவரை வாய் திறக்காதே என்று கட்டிப்போட முடியாது. நாட்டின் காவல்துறையிடமும் சட்டத்திடமும் போவதைத் திருச்சபையின் எந்த விதியும் தடுக்கவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரியவந்தால் முதலில் பிள்ளையைக் காப்பாற்றுங்கள், காவல்துறையிடம் போங்கள், "கோவில் பெயர் கெட்டுவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

2018 ஆகஸ்டில் இறைமக்கள் எல்லோருக்கும் எழுதிய கடிதத்தில் பிரான்சிஸ் இதன் வேர்களில் ஒன்றைக் காட்டினார்: குருக்களை எட்ட முடியாத உயரத்தில் வைக்கும் மனப்பான்மை. அதைக் குருக்கள் மட்டும் வளர்க்கவில்லை, பொதுநிலையினராகிய நாமும் வளர்த்தோம். குருவைக் கேள்வி கேட்பதே பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வீடுகள் எத்தனை!

"இம்மண்ணுலகில் உள்ள எவரையும் தந்தை என அழைக்காதீர்கள்" என்று இயேசு சொல்லியிருக்க, ஃபாதர் என்று கூப்பிடலாமா?

அதே மத்தேயு 23-இல் போதகர் என்றும் அழைக்கப்பட வேண்டாம் என்கிறார், நாம் அந்தச் சொல்லையும் விடவில்லை. சந்தைவெளிகளில் வணக்கம் எதிர்பார்த்துத் திரிகிறவர்களைத்தான் அங்கே கண்டிக்கிறார். நற்செய்தி வழியாக உங்களைப் பெற்றெடுத்த தந்தை நான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (1 கொரி 4:15). கூப்பிடலாம். கூப்பிடப்படுகிறவர் அப்பா மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கட்டாயம்.

குரு அரசியலில் இறங்கலாமா?

அரசு அதிகாரம் கொண்ட பதவிகளை ஏற்கக் கூடாது, கட்சிகளில் தீவிரமாகப் பங்கேற்கக் கூடாது என்பது பொதுச் சட்டம். அநீதியை அநீதி என்று சொல்வது அரசியல் அல்ல, அது மறையுரையின் வேலை.

எங்கள் பங்குத்தந்தையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, என்ன செய்ய?

முதலில் அவரிடமே நேரில் பேசுங்கள், பூசை முடிந்து நாலு பேர் சுற்றி நிற்கும்போது அல்ல, நேரம் கேட்டுக்கொண்டு. திருச்சபையின் நன்மைக்கானதை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில சமயம் கடமையே உண்டு என்று சட்டமே சொல்கிறது, மரியாதை குறையாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இறைவார்த்தையையும் அருளடையாளங்களையும் மேய்ப்பர்களிடமிருந்து பெறுவதும் உங்கள் உரிமை, அவர் செய்யும் உபகாரம் இல்லை. பேசியும் பலனில்லை, விஷயமும் பெரிது என்றால் ஆயருக்கு எழுதுங்கள், உங்கள் பெயர் போட்டு, நடந்ததை மட்டும், தேதியோடு. மொட்டைக் கடிதம் வேண்டாம், அது நியாயமான குறையையும் கெடுத்துவிடும்.

அவர் மறையுரை நீளம், பாட்டு ராகம் சரியில்லை, சிரிக்கவே மாட்டேன் என்கிறார் என்பதெல்லாம் குறைதான் என்றால், பொறுத்துக்கொள்ளுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் வேறு குருவிடம் போக விரும்பினால் தாராளமாகப் போகலாம், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு திருப்பலியை மட்டும் அவர்மேல் உள்ள கோபத்தில் விட்டுவிடாதீர்கள், அது அவருடைய திருப்பலி இல்லை.